இறங்கித் தள்ளிச் செல்லவும்

எனக்கு நடக்க வராது, சைக்கிள் ஓட்ட வரும். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் காலைப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் முகத்தில் ஒரு இரக்கத்தைக் கொண்டுவருவார்கள். மூன்றில் எது அதிகமாக எரிச்சல் தரும் என்று கேட்டால், அந்தக் கடைசிதான் என்று சொல்வேன்.

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு எட்டுக்கும் தொடையை இடது கையால் அழுத்திப் பிடித்தால்தான் அந்தக் கால் என்னைத் தாங்கும். தெருமுனை வரை போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். ஆனால் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நான் வேறு ஆள். வலது பெடலில் ஒரு தோல் வார் தைத்து வைத்திருந்தேன். பாதத்தை அதற்குள் நுழைத்துக்கொண்டால் ஒரே காலால் மிதிக்கவும் இழுக்கவும் முடியும். இடது பெடலைக் கழற்றி எறிந்துவிட்டு, கால் வைத்துக்கொள்ள சட்டத்தில் ஒரு இரும்புத் துண்டைப் பொருத்தியிருந்தேன். ஏற ஒரு சுவரோ மைல்கல்லோ வேண்டும், இறங்கவும் அப்படித்தான். நடுவில் யாரும் நிறுத்தாமல் இருந்தால் முசிறி வரைக்கும்கூடப் போய்விட்டு வருவேன். போயும் வந்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் பிற்பாதியில் நான் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், அண்ணன் வீட்டில் இருந்தேன். வேலை அக்கரையில், தெப்பக்குளத்துப் பக்கம் ஓர் அச்சகத்தில். புரூஃப் பார்க்கும் வேலை. உட்கார்ந்தபடியே செய்வது, கண்ணும் தமிழும் போதும், காலைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அப்படி ஒரு வேலை அந்த ஊரில் எனக்கு இன்னொன்று கிடைத்திருக்காது. அந்த வேலைக்குப் போக சைக்கிள், சைக்கிள் போகக் காவிரிப் பாலம். என் பிழைப்பு மொத்தமும் இவ்வளவுதான்.

இன்றைக்கு இருக்கும் அகலமான பாலத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய பாலம் குறுகல். முசிறி பஸ்ஸும், தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் மாட்டு வண்டியும் எதிரெதிரே வந்துவிட்டால், நடுவில் சைக்கிளுக்கு மிஞ்சுவது கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு போகும் ஒரு கோடுதான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற கூட்டம் காலையில் அந்தக் கோட்டில்தான் போகும். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று மிதித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் அவர்களில் ஒருவன் பஸ்ஸுக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். நான் அவனுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் இருந்தேன். சுவரைப் பிடித்து நின்றுவிட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செத்துவிட்டான் என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஒரு நிம்மதி. இனி அவசரம் இல்லை அல்லவா? “ஓரமா எடுத்துப் போடுங்கப்பா, நேரமாவுது” என்று ஒருத்தர் சொன்னார். வேலைக்குப் போகிறவர்தான் அவரும். வண்டிக்காரன் இறங்கி, ரத்தம் பட்ட தார் எத்தனை என்று பார்த்து அவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்தான். ஊரைப் பற்றி எனக்கு இருந்த நல்லெண்ணம் அன்றைக்குப் போனது. அதன் பிறகு திரும்பவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் சைக்கிள்காரர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். செயலாளர் ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. ஸ்ரீரங்கத்துக்காரர். நல்ல உயரம், கணீரென்ற குரல். டீக்கடையில் டீ சொல்வதைக்கூட மேடையில் நின்று சொல்வதுபோலச் சொல்வார். கெட்டவர் இல்லை. அதுதான் அவரோடு பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்தால் முதல் நாளே விலகியிருப்பேன்.

வாடகை சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் கூட்டம் போடுவோம். என்னால் மாடி ஏற முடியாது என்பதால், பேசி முடித்ததை யாராவது கீழே வந்து என்னிடம் சொல்வார்கள், நான் அதைத் தமிழாக்கி மனுவாக எழுதித் தருவேன். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் ஒர்க்‌ஷாப் நேரத்தில் மாட்டு வண்டிகளைப் பாலத்தில் விடக்கூடாது, பஸ்கள் பாலத்தில் மெதுவாகப் போக வேண்டும், ஓரத்துக் குழிகளை மூட வேண்டும். அவ்வளவுதான்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நகராட்சி, அந்தப் பக்கம் ஒரு நகராட்சி. எந்த நகராட்சிக்கு எங்கள் மனு போனது என்று சொல்லப் போவதில்லை. எதைச் சொன்னாலும் இன்னொன்று சிரிக்கும், சிரிக்க அதற்கும் யோக்கியதை கிடையாது. மனு போய்க்கொண்டே இருந்தது. பதில் வரவே இல்லை. அப்போதுதான் செயலாளர் ஒரு முடிவுக்கு வந்தார்.

“வெறும் மனுவை எவன் தம்பி மதிக்கிறான்? ஆளைக் காட்டணும்” என்றார்.

அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். குடிசை எரிந்தது என்று மனு கொடுக்கப் போகிறவர்கள் எரிந்த கூரையில் ஒரு பிடி எடுத்துப் போவார்கள். தண்ணீர் சரியில்லை என்றால் ஒரு சொம்பு தண்ணீர். செத்தவனின் மனைவியைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள். அவள் பிறந்த ஊரான தொட்டியத்துக்குப் போய்விட்டிருந்தாள், வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு செயலாளர் என் வீட்டுக்கு வந்தார்.

“மனு எழுதினவரே கூட வந்தா நல்லாருக்கும் தம்பி. எதாவது கேட்டாங்கன்னா நீங்கதானே கோர்வையாச் சொல்லுவீங்க.”

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். என் தமிழை ஒருவர் மதித்து வாசல் தேடி வந்து கூப்பிடுகிறார். வெளுத்த வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். நகராட்சி சேர்மன் என்ன கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சேர்மன் அறையில் கவுன்சிலர்கள் சிலரும் இருந்தார்கள். எங்களை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காருவதற்குள் செயலாளர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். குனிந்தார். என் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

“பாருங்கய்யா. இந்தப் பாலம் பண்ணின வேலையைப் பாருங்க. நல்லா படிச்ச பையன். வேலைக்குப் போயிட்டிருந்த பையன். இன்னிக்கு இந்தக் கதி.”

அறையே என் காலைப் பார்த்தது. என் அம்மாவைத் தவிர அதை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. வேட்டியைக் கீழே இழுக்கக் கை போனது. தொடையிலிருந்து கையை எடுத்தால் விழுந்துவிடுவேன், இன்னொரு கை மேஜையைப் பிடித்திருந்தது. அப்படியே நின்றேன்.

“இல்லிங்க, இது மூணு வயசுல வந்த வாதம்” என்றேன். என் காதுக்கே கேட்காத குரலில் சொல்லவில்லை. நன்றாகக் கேட்கும்படித்தான் சொன்னேன்.

சேர்மன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பயப்படாதீங்க தம்பி. எந்த பஸ் கம்பெனின்னு நான் கேக்கவே இல்லையே. நீங்க யாரையும் காட்டிக் கொடுக்க வேணாம்.”

“நெஜமாத்தாங்க. பஸ்ஸே இல்லிங்க.”

“சரி, சரி. மாட்டு வண்டின்னே வச்சுக்குவோம்” என்றார். கவுன்சிலர்கள் தலையாட்டினார்கள். உண்மையை இவ்வளவு மரியாதையாக யாரும் என் வாயிலிருந்து பிடுங்கிப் போட்டதில்லை.

வெளியே வந்ததும் செயலாளரைத் திட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை. என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

“உங்க காலால ஊருக்கே நல்லது நடக்கப் போவுது தம்பி. இத்தனை வருசமா அது எதுக்காவது உபயோகப்பட்டிருக்கா, சொல்லுங்க?”

அவர் நிஜமாகவே அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதில் துளி விஷமம் கிடையாது.

நகராட்சியில் அந்தக் கால் வேலை செய்தது. எங்கள் மனுவை எடுத்து விவாதித்தார்கள். வண்டிகளைத் தடுக்க முடியாது என்று முதலில் முடிவானது. கவுன்சிலர்களில் பாதிப் பேருக்கு வாழைத் தோப்பு இருந்தது. பஸ்களை மெதுவாகப் போகச் சொல்வதும் முடியாது என்றானது. மற்ற பாதிப் பேருக்கு பஸ் முதலாளிகளோடு கொள்வினை கொடுப்பினை இருந்தது. குழிகள் நெடுஞ்சாலைக்காரர்கள் பொறுப்பு. மிச்சம் இருந்தது சைக்கிள்காரன். அவன் சாகாமல் இருக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. அவன் சைக்கிளில் ஏறினால்தானே சாகிறான்? ஏறாமல் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. பாலத்தின் இரண்டு முனையிலும் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பாலத்து விபத்தில் காலிழந்த இளைஞரின் நிலையைக் கண்டு மனம் நெகிழ்ந்து போட்ட தீர்மானம் அது.

செய்தி வந்த அன்றைக்குச் சங்கத்தில் பூந்தியும் காராசேவும் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. கூட்டத்தைக் கீழே கடையிலேயே போடச் சொல்லி, பழைய டயர்களுக்கு நடுவில் நின்று பேசினேன். நாம் கேட்டது இதுவா என்று கேட்டேன். சைக்கிள் ஓட்டப் பாதுகாப்பு கேட்டால், ஓட்டாதே என்கிறார்கள், இதற்கு ஒரு கொண்டாட்டமா என்று கேட்டேன். கடைசியில் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். என்னால் அந்தப் பாலம் முழுக்கத் தள்ளிக்கொண்டு நடக்க முடியாது. ஒரு கை தொடையில் இருக்கும். ஒற்றைக் கையால் பிடித்தால் கொஞ்ச தூரத்தில் சைக்கிள் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். பஸ்ஸில் போகலாம் என்றால், நான் ஒரு காலை வைத்து இன்னொரு காலைத் தூக்குவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். குதிரை வண்டியில் தினம் போய்வர நான் ஜமீன்தார் இல்லை. இது வந்தால் என் வேலை போய்விடும்.

காராசேவை மென்றுகொண்டே கேட்டார்கள். பிறகு கொல்லுப் பட்டறைக்காரர் ஒருத்தர், “இவரு ஒருத்தருக்காக இத்தனை பேர் சாவணுமா?” என்றார். “கொஞ்ச தூரம் தள்ளினா தேஞ்சா போயிடுவோம்?” என்றார் இன்னொருத்தர். அறிவிப்புப் பலகையில் கீழே சங்கத்தின் பெயரையும் போடுவதாகச் சேர்மன் சொல்லியிருந்தார். அதை நினைக்கும்போதே அவர்கள் முகம் மலர்ந்தது. பெயர் போட்ட பலகைக்கு முன்னால் நான் எம்மாத்திரம்!

செயலாளர் என்னைத் தனியே அழைத்தார். “உங்களுக்கு மட்டும் தனி அனுமதி வாங்கித் தர்றேன் தம்பி. ஓட்டிக்கிட்டே போகலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு. திறப்பு விழா அன்னிக்கு முதல் ஆளா நீங்கதான் தள்ளிக்கிட்டுப் போகணும்னு சேர்மன் ஆசைப்படறாரு.”

“முழுப் பாலமுமா?”

“மெதுவாப் போங்க. அவசரமே இல்ல. நீங்க மெதுவாப் போகப் போகத்தான் ஜனங்க மனசு உருகும்.”

அனுமதி என்ற ஒரு சொல்லுக்காக ஒப்புக்கொண்டேன்.

விழா மாம்பழச் சாலை முனையில் நடந்தது. பந்தல், ஒலிபெருக்கி, ரிப்பன் எல்லாம் இருந்தது. ‘சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிச் செல்லவும்’ என்ற பலகையைத் திரை விலக்கித் திறந்தார்கள். சேர்மன் எனக்கு ஒரு ரோஜா மாலை போட்டார். ஈர மாலை, கழுத்தை இழுத்தது. ஒரு கையில் சைக்கிள், ஒரு கையில் தொடை. புறப்பட்டேன். எனக்குப் பின்னால் சேர்மன், கவுன்சிலர்கள், செயலாளர், சங்கத்து ஆட்கள், சைக்கிளோடு நூறு பேர் இருக்கும்.

என் வேகத்தில் அவர்களும் நடக்க வேண்டியதாயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஜனங்கள் கை தட்டினார்கள். பிறகு உருகினார்கள். அதற்கப்புறம் அலுத்துப்போனார்கள். “கொஞ்சம் எட்டி வைக்கச் சொல்லுங்களேன்” என்று ஒரு கவுன்சிலர் சொன்னது என் காதில் விழுந்தது. எட்டி வைக்கப் பார்த்தேன். கைப்பிடி திரும்பியது. சைக்கிள் சாய்ந்தது, அதோடு நானும் சாய்ந்தேன். முதலில் நான் விழுந்தேன், என் மேல் சைக்கிள் விழுந்தது, மாலை பெடலில் சிக்கி என் கழுத்தை இறுக்கியது. யாரோ சிரித்துவிட்டு, அதை இருமல் மாதிரி ஆக்கிக்கொண்டார்கள்.

தூக்கி நிறுத்தினார்கள். வேறு சமயம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. மூச்சு வாங்கிக்கொண்டே சேர்மனிடம் கேட்டேன்.

“அய்யா, எனக்கு ஓட்டிக்கிட்டுப் போக ஒரு அனுமதி தர்றதாச் சொன்னாங்க.”

சேர்மன் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் காவிரியைப் பார்த்தார்.

“என்ன தம்பி இது! நடக்கவே முடியல உங்களால. இப்பத்தானே எல்லாரும் பாத்தோம். உங்களைப் போயி சைக்கிள்ல ஏத்தி பாலத்துல விட்டா, நாளைக்கு யாருக்குப் பதில் சொல்றது? இந்தச் சட்டமே உங்களுக்காகத்தானே போட்டது!”

“எனக்கு ஓட்ட வருங்க. தினம் இந்தப் பாலத்துலதான் போறேன். ஓட்டிக் காட்டவா?”

சிரித்தார்கள். எல்லாரும் நல்லபடியாக, அன்பாகச் சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து எனக்கு வந்த கோபங்களையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அந்த ஒரு நிமிஷத்தின் கோபத்துக்கு ஈடாகாது. சுவரைப் பிடித்தேன். ஏறினேன். பாதத்தை வாருக்குள் நுழைத்தேன். மிதித்தேன்.

எத்தனையோ நாள் அந்தப் பாலத்தில் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குப் போல ஓட்டியதில்லை. விழாவுக்காகப் பாலம் காலியாக இருந்தது. பின்னாலிருந்து “பிடி, பிடி” என்று கத்தினார்கள். யார் பிடிப்பது? அவர்கள்தான் ஓட்டக்கூடாதே! நூறு பேர் சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தார்கள். சத்தம் தேய்ந்துகொண்டே போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கவில்லை.

சிந்தாமணி முனையில் புதிதாகப் போட்டிருந்த போலீஸ்காரர் நின்றார். கையை நீட்டினார். என்னால் சும்மா நிற்க முடியாது, சுவர் வேண்டும். சுவரோரம் போய்ப் பிடித்து நின்றேன். அவர் கிட்டே வந்தார். குனிந்து பின் சக்கரத்தின் வால்டியூப்பைப் பிடுங்கினார். பிறகு முன் சக்கரத்திலும். காற்று சீறிக்கொண்டு போய் முடிந்தது. கழுத்தில் ரோஜா மாலையோடு, அந்தச் சட்டத்தை முதன்முதலாக மீறிய குற்றவாளி நான்தான்.

ஓடி வந்து சேர்ந்த செயலாளர் போலீஸ்காரரைக் கும்பிட்டார். “மன்னிச்சுக்குங்க சார். வெயில்ல தம்பிக்கு மூளை கொஞ்சம் கலங்கிடுச்சு” என்றார்.

சங்கத்துக்கு அவமானமாகிவிட்டது. சங்கத்து ஆளே சங்கத்துச் சட்டத்தை மீறினான் என்று ஊர் பேசுமே! அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தினமும் காலையில் ஒரு உறுப்பினர், என்னை என் சைக்கிளில் உட்காரவைத்து அக்கரை வரை தள்ளிக்கொண்டு போவார். முறை வைத்துக்கொண்டார்கள். நான் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஒருவர் ஒரு கையால் என் சைக்கிளையும் இன்னொரு கையால் தன் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போவார். ஓட்டத் தெரிந்தவனை உட்காரவைத்துத் தள்ளுவதுபோல ஒரு அவமானம் கிடையாது. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து “சாமி புறப்பாடு வருது, வழி விடுங்க” என்று கத்துவார்கள். தள்ளுகிறவருக்கு அது பிடிக்காது. “என்ன தம்பி, ராத்திரி பலமான சாப்பாடோ? நேத்தைவிட கனக்கறீங்களே” என்பார். நான் இறங்கிவிடலாமா என்று நினைப்பேன். இறங்கி எங்கே போவது?

பிறகு ஒருத்தருக்கு இடுப்பு வலி வந்தது. ஒருத்தருக்கு ஷிப்ட் மாறியது. ஒருத்தர் வீட்டில் அம்மை போட்டிருந்தது. முறை வந்தவர் வராத நாளில் நான் மாம்பழச் சாலை முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு யாராவது தெரிந்த முகம் வருமா என்று நிற்பேன். தெரிந்த முகங்கள் வரும். என்னைப் பார்த்ததும் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். செயலாளர் மட்டும் நேராகப் பார்த்து, “யாரும் வரலையா இன்னும்? வந்துடுவாங்க, வந்துடுவாங்க” என்று சொல்லிவிட்டுத் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். திரும்பி வருவதற்கு ஏற்பாடே கிடையாது. பொன்மலை சங்குக்கும் என் அச்சகத்துக்கும் நேரம் ஒத்து வராது. சாயந்தரங்களில் யாராவது கூலிக்காரரைக் கெஞ்சித்தான் திரும்புவேன்.

அச்சக முதலாளி நாசூக்கான மனிதர். குரலை உயர்த்தியே பேசியதில்லை. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நெருக்கமாகப் போய்ச் சேர்ந்தேன். என் நாற்காலியில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க வேலையில ஒரு குறை சொல்ல மாட்டேன். இவரு உங்க அளவுக்கு வர மாட்டாரு, எனக்கே தெரியும். ஆனா காலையில எட்டு மணிக்கு வந்துடறாரு. மிஷின் காத்துக்கிட்டிருக்காதில்லையா?” என்றார் முதலாளி. காப்பி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், தாகமாக இருந்தது. அந்த வாத்தியார் நிமிர்ந்து என்னைப் பார்க்கவேயில்லை. திருத்திக்கொண்டே இருந்தார்.

வீட்டில் இருக்கத் தொடங்கினேன். அண்ணி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளைத்தான் சொன்னார். “ரேழியில பாதியை அடைச்சுக்கிட்டு நிக்குதே, தடுக்கித் தடுக்கி விழறேன்” என்பார். ஒரு நாள் நான் தூங்கி எழுந்து பார்த்தபோது ரேழி அகலமாக இருந்தது. அண்ணன் அதை ஒரு பால்காரருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அது தெரிந்துதான் கேட்கவில்லை. “நீதான் எங்கயும் போறதில்லையே” என்றார். பால்காரர் முதல் வேலையாக அந்தத் தோல் வாரை அறுத்து எறிந்துவிட்டு, இடது பக்கம் ஒரு பெடல் மாட்டிக்கொண்டார். ஒரு நாள் தெருவில் அந்த சைக்கிள் போவதைப் பார்த்தேன். இரண்டு கால்காரனிடம் அது எவ்வளவு மோசமாக ஓடியது!

அப்புறம் பக்கத்துத் தெருத் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் மணியார்டர் பாரமும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். சுவரைத் தொட்டுத் தொட்டு, நின்று நின்று, அதுவரை போய்ச் சேர்ந்துவிடலாம். என் உலகத்துக்கு அதுதான் எல்லை என்றாகியது. அறுபதுகள் வந்துவிட்டன. ஊரில் ஸ்கூட்டர்கள் தென்பட்டன. பாலம் எப்படி இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அக்கரைக்குப் போய் எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

ஒரு நாள் காலை செயலாளர் தபால் தலை வாங்க வந்தார். தலை நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் உண்மையான சந்தோஷத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி! நல்லாருக்கீங்களா? எங்க, ஆளையே காணோம்?”

“இங்கதாண்ணே இருக்கேன்” என்றேன். “நீங்க எப்படி இருக்கீங்க? பாலமெல்லாம் தள்ளிக்கிட்டுப் போறது கஷ்டமா இல்லையா இந்த வயசுல?”

அவர் சிரித்தார். “அட, அதெல்லாம் எப்பவோ போயிடுச்சே தம்பி, உங்களுக்குத் தெரியாதா? ஒரு வருசங்கூட ஓடல. அந்தச் சேர்மன் போனாரு, போலீஸ்காரனை எடுத்துட்டாங்க. பலகை மட்டும் நிக்குது, எவன் அதைப் படிக்கிறான்? எல்லாரும் ஏறித்தான் போறோம்.”

ஒரு வருஷம்கூட ஓடவில்லை. அதே ஒரு வருஷத்துக்குள்தான் வேறொருவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார், ரேழி காலியானது. என் வேலையைப் பறிப்பதற்கு எவ்வளவு காலம் தேவைப்பட்டதோ, சரியாக அவ்வளவு காலம்தான் அந்தச் சட்டம் உயிரோடு இருந்திருக்கிறது. இதை என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் என் சந்து வழியாகத்தான் தினமும் மணி அடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

“நீங்களும் தாராளமாப் போகலாமே தம்பி. இப்ப யாரும் கேக்கறதில்ல” என்றார் செயலாளர்.

“எங்கண்ணே போறது?” என்று கேட்டேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். என்னை மாதிரி ஆளுக்கு அக்கரையில் என்ன வேலை இருக்க முடியும் என்று நிஜமாகவே யோசித்தார். எனக்காக அவ்வளவு சிரத்தையாக அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

“அதுவும் வாஸ்தவந்தான்” என்று சொல்லிவிட்டு, நாக்கை நீட்டித் தபால் தலையை ஈரமாக்கி உறையில் ஒட்டினார். பிறகு சைக்கிளில் ஏறிப் போனார்.